ஆஃப் என்று சொன்னவன்

2603, நான்காம் மாதம் 12, திங்கள்.
நேற்று, ‘மாடியில் எல்லாவற்றையும் அணைத்தேன்’ என்று எழுதியது தவறு. விசிறியின் சுவிட்சை நான் பார்க்கவில்லை. பார்க்காமல் எழுதிவிட்டேன்.

மாலை வகுப்பில் ஜப்பானிய மொழி சொல்லித் தருபவர் தினம் ஒரு நாட்குறிப்பு கேட்டார், அதுவும் ஜப்பானியர் வருஷக் கணக்கில்; 1943 அதில் 2603. கலியாணசுந்தரம் முதலில் தமிழில் எழுதிப் பார்த்துவிட்டு அவர்கள் எழுத்துக்கு மாற்றுவான். இன்று இந்த மூன்று வரிகளுக்கு மேல் பேனா நகரவில்லை. மலாக்காவின் காஜா பேராங் பகுதியில் இந்த வரிசை வீடுகளுக்கு மூன்று மாதமாக மின்சாரமே கிடையாது. சுவிட்ச் எப்படிக் கிடந்தால் என்ன? ஆனால் தலைக்கு மேலே, பழைய விசிறியின் இரண்டு மர இறக்கைகளும் நேற்று ஜன்னலுக்கு நேராக இருந்தன. இன்று அலமாரிக்கு நேராக இருந்தன.

வெளியே வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. எங்கோ ஒரு லாரி கரிப்புகை விட்டு இருமியபடி போயிற்று. பக்கத்து வீட்டில் கிழங்கு வேகும் மணமும் சாக்கடையின் ஈர வாடையும் படியேறி வந்தன. அவற்றுக்கு அடியில், ஊரில் யாரிடமும் ஒரு சொட்டுகூட இல்லாத ஒன்று, மெல்ல, இனிப்பாக, தொண்டையில் ஒட்டியது. பெட்ரோல். விமானப் பெட்ரோல்.

அவன் விமானம் ஓட்டியவன் என்பது மலாக்காவில் பாக்கியலட்சுமி அக்காவுக்கு மட்டும்தான் தெரியும். அவருடைய தம்பி கருணாகரனும் அவனும் தொண்டர் விமானப் படையில் ஒன்றாகச் சேர்ந்தவர்கள். போன வருஷம் ஜனவரியில், சிங்கப்பூரில், ஒரு காலைநேரம். மெக்கானிக்குகள் பதுங்குகுழிக்கு ஓடிவிட்டார்கள். கருணாகரனே சின்ன விமானத்தின் முன்னால் போய் நின்று, அதன் மூக்கிலிருந்த மர விசிறியை இரு கைகளாலும் பிடித்தான்.

“சுவிட்ச் ஆஃப்?”

என்ஜினுக்குள் பெட்ரோல் இழுப்பதற்காக விசிறியை முதலில் கையால் சுற்றும்போது சுவிட்ச் அணைந்திருக்க வேண்டும். உட்கார்ந்திருப்பவன் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்ல வேண்டும். விமானத்தில் உட்கார்ந்திருந்த கலியாணசுந்தரம் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“ஆஃப்!”

“சத்தமாச் சொல்லு மாப்ள! பேரு மட்டும் கல்யாணம், பொண்ணு வீட்டுக்குக் கேக்க வேணாமா?” கருணாகரன் சிரித்துக்கொண்டே இழுத்தான்.

என்ஜின் பிடித்துக்கொண்டது. கருணாகரன் விலகுவதற்குள் விசிறி சுழன்றது.

குண்டு விழுந்தது என்றுதான் அக்காவிடம் சொன்னான்.

படியில் காலடி. பாக்கியலட்சுமி அக்கா திங்கள்தோறும் புக்கிட் பாருவிலிருந்து நடந்தே வருவார். கையில் வாழையிலைப் பொட்டலம்.

“சாப்பிடு தம்பி. வெறும் கிழங்குதான், தேங்காய் இல்ல.” தரையில் உட்கார்ந்தார். விசிறிக்கு நேர் கீழே. “இன்னொரு தடவ சொல்லுப்பா. முகம் எப்படி இருந்துச்சு?”

“தூங்கற மாதிரிதான்க்கா.”

“அது போதும். அத வச்சித்தான் நான் தூங்கறேன்.” மூக்கை உறிஞ்சினார். “என்ன தம்பி இது, பெட்ரோல் வாடை?”

அவருக்கும் வருகிறது.

டக்.

இறக்கை ஒரு கால் சுற்று இறங்கி நின்றது. காற்றில்லை. ஜன்னல் திரை அசையவில்லை. மேசைமேல் எண்ணெய் விளக்கின் சுடர் அசையவில்லை.

டக்.

இறக்கையின் நுனியில், தூசிக்கு மேல், பத்து விரல்கள் பதிந்த தடம்.

“சுவிட்ச் ஆஃப்?”

குரல் கூரையிலிருந்து வரவில்லை. அக்காவின் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. பொறுமையான குரல். ஒரு வருஷமாகக் காத்திருக்கும் குரல். அக்கா நிமிர்ந்தார். 

சுவரைப் பார்த்தான். இந்த முறை பார்த்தான். சுவிட்ச் கீழே இறங்கியிருந்தது.

“ஆன்!” என்று கத்தினான். “அக்கா, ஆன்ல இருந்துச்சுக்கா! குண்டு விழல. நான் பார்க்காம ஆஃப்னு சொன்னேன். நான்தான். அவன் என்னை நம்பி இழுத்தான்.”

விசிறி நின்றது.

அக்கா அவனையே பார்த்தார். திட்டவில்லை. மெதுவாகக் கேட்டார்.

“அப்ப, முகம்?”

 அவருக்குப் பின்னால் காக்கிச் சட்டை நின்றது. தோள்கள் தெரிந்தன. எண்ணெய்க் கறை படிந்த இரண்டு கைகள். கழுத்து. அதற்கு மேல் இருட்டுதான்.

“திரும்பாதீங்கக்கா.”

திரும்பினார்.

“கருணா,” என்றார், பள்ளிக்கூடம் விட்டு வந்தவனைக் கூப்பிடுவது போல. “என்னடா இது, முகமெல்லாம் அழுக்கு?” எழுந்து, முந்தானையைச் சுருட்டி, துடைப்பதற்காகக் கையை உயர்த்தினார். முந்தானை அந்த இருட்டுக்குள் போயிற்று. விரல்கள் போயின. மணிக்கட்டு போயிற்று. எதிலும் படாமல் கை உள்ளே போய்க்கொண்டே இருந்தது. அவர் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அன்றிரவு நாட்குறிப்பில் நான்காவது வரியை எழுதினான். நாளை: கருணாகரனைச் சிங்கப்பூரில் புதைத்த இடத்துக்கு வழி வரைந்து அக்காவிடம் கொடுக்க வேண்டும்.