ரயிலில் வந்தவன்

பஸ் ஒரு டீக்கடை முன்னால் நின்றுகொண்டிருந்தபோது ரயில்வேயிலிருந்து அவனுக்குக் குறுஞ்செய்தி வந்தது. பயணம் இனிதாக அமைந்ததா, பெட்டி சுத்தமாக இருந்ததா, ஐந்துக்கு எத்தனை மதிப்பெண் தருவீர்கள் என்று கேட்டிருந்தார்கள். அவன் அந்த ரயிலில் ஏறவே இல்லை.

பயணச்சீட்டை ரத்து செய்யாமல் விட்டதால் வந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டான். ஆள் ஏறினானா இல்லையா என்று கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும்? ஆனால் இதற்கு முன் இரண்டு தடவை கடைசி நேரத்தில் பயணத்தை விட்டிருக்கிறான். அப்போதெல்லாம் யாரும் அவனை இப்படி நலம் விசாரிக்கவில்லை.

இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் அவனுக்கு டைம்டேபிள் என்று பெயர். அவன் இருக்கிற பெருநகரத்திலிருந்து அம்மாவும் அக்காவும் இருக்கிற பெருநகரத்துக்குப் போகவேண்டியவர் யாரானாலும் இரண்டாம் மாடிக்கு வந்து, அவன் மேஜையில் கையை ஊன்றிக்கொண்டு, ட்ரெயினா பஸ்ஸா என்று கேட்டுவிட்டுத்தான் போவார்கள். கேட்காதவர்களையும் அவன் விடமாட்டான். ரயில் என்றால் ஐந்தரை மணி நேரம். பஸ் என்றால் ஒன்பது, அதுவும் டிரைவருக்கு மனசிருந்தால். ரயிலில் காலை நீட்டலாம், கழிவறை உண்டு, குமட்டாது. பஸ்ஸில் போகிறவனுக்கு வழியில் எத்தனை வேகத்தடை என்று எண்ணிக்கொண்டு போகும் பாக்கியம் மட்டும்தான். பதினைந்து வருஷமாக ஊருக்கெல்லாம் இப்படி உபதேசம் செய்தவன், இன்று காலை தன்னுடைய பெட்டியின் கதவுக்கு இரண்டடி தள்ளி, தோளில் பையோடு நின்றான். ரயில் பத்து நிமிடம் நின்றது. பத்து நிமிடமும் அவனும் நின்றான். ரயில் போன பிறகு சாலையைக் கடந்து பஸ் நிலையத்துக்குப் போய், நேராகப் போகும் விரைவுப் பேருந்தையும் விட்டுவிட்டு, எல்லா ஊருக்குள்ளும் புகுந்து புறப்படுகிற ஒரு பஸ்ஸாகத் தேடி ஏறினான்.

அம்மா செத்துக்கொண்டிருந்தாள். முந்தின நாள் சாயங்காலம் அக்கா போன் செய்து, டாக்டர் நாளைக்கு மேல் தாங்காது என்று சொல்லிவிட்டதாகவும், அம்மா அவனைத்தான் கேட்டுக்கொண்டே இருப்பதாகவும் சொன்னாள். அவன் உடனே ரயிலில் இடம் போட்டு, பயணச்சீட்டைப் படமெடுத்து அவளுக்கு அனுப்பினான். நல்ல பிள்ளை. ராத்திரி படுத்த பிறகுதான் அது ஞாபகம் வந்தது. பதினான்கு மாதத்துக்கு முன்னால், கடைசியாகப் போயிருந்தபோது, அம்மா அவன் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு, என்னை உன்கூடக் கூட்டிக்கொண்டு போகிறாயா என்று கேட்டாள். அடுத்த மாசம் வந்து கூட்டிட்டுப் போறேம்மா என்றான். சொல்லும்போதே வரப்போவதில்லை என்று தெரியும். அதற்கப்புறம் ஒவ்வொரு மாதமும் ஒரு சாக்கு. அம்மாவைக் குளிப்பாட்டியது, படுக்கையை மாற்றியது, ராத்திரி விழித்தது எல்லாம் அக்கா.

அம்மாவின் கண்ணை இன்னொரு தடவை பார்க்க அவனால் முடியாது. எல்லாம் முடிந்த பிறகு போய்ச் சேர்ந்தால் போதும் என்று நினைத்தான். இதை அவன் தனக்குத்தானே ஒரே ஒரு முறைதான் சொல்லிக்கொண்டான். அதற்கே கூசியது.

பஸ் புறப்பட்டது. சூடான ரெக்ஸின் வாசனை, டீசல் வாசனை, பின்சீட்டில் யாரோ குமட்டலுக்காக முகர்ந்துகொண்டிருந்த எலுமிச்சையின் வாசனை எல்லாம் கலந்து, மதிய வெயிலில் அவன் முகத்தில் ஈரத்துணி மாதிரி ஒட்டிக்கொண்டன. ஜன்னல் கண்ணாடி சட்டத்துக்குள் ஓயாமல் நடுங்கியது. கண்டக்டர் காலையிலேயே, ட்ரெயினில் டிக்கெட் கிடைக்கவில்லையா என்று விசாரித்திருந்தார். கிடைக்கவில்லை, அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று சொன்னதும், பாவம் என்று அவனைப் பின்வரிசையிலிருந்து எழுப்பி, முன்னால் நல்ல இடமாகப் பார்த்து உட்கார்த்திவைத்தார். அந்த இரக்கத்தின் மேல் உட்கார்ந்திருப்பது முள்ளின் மேல் உட்கார்ந்திருப்பதாக இருந்தது.

மூன்று மணிக்கு அக்காவிடமிருந்து செய்தி வந்தது. "வந்துட்டியாமே, அத்தான் சொன்னார். நான் மருந்துக் கடையில நிக்கிறேன். அம்மா பக்கத்துலயே இரு."

இரண்டு முறை படித்தான். குத்திக்காட்டுகிறாள் என்றுதான் முதலில் தோன்றியது. அவன் ஏறவில்லை என்பது எப்படியோ தெரிந்துபோயிருக்கிறது. அதை நேராகக் கேட்காமல் இப்படி ஊசி ஏற்றுகிறாள். காது சுட்டது. ட்ரெயின் லேட் என்று எழுதினான். அழித்தான். நான் இன்னும் வரல என்று எழுதி, அதையும் அழித்தான். வரவில்லை என்றால் எங்கே இருக்கிறாய் என்று கேட்பாள். அதற்கு என்ன பதில்? போனைக் கவிழ்த்துத் தொடையில் வைத்துக்கொண்டான்.

அரை மணி நேரத்தில் ஒரு படம் வந்தது.

அறை வாசலிலிருந்து எடுத்திருந்தாள். அம்மாவின் கட்டில், மருந்துப் புட்டிகள் வைத்த முக்காலி, மூடாத ஜன்னல். கட்டிலை ஒட்டிப் போட்ட நாற்காலியில் ஒருவன் வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். சாம்பல் நிறக் கட்டம் போட்ட சட்டை. பஸ்ஸில் இருந்தவன் குனிந்து தன் சட்டையைப் பார்த்துக்கொண்டான். அதே கட்டம். அந்த முதுகின் வலது தோளிலிருந்து பை தொங்கிக்கொண்டிருந்தது, இறக்கிக்கூட வைக்கவில்லை. உச்சந்தலையில் பொத்தான் அளவுக்கு ஒரு வழுக்கை. அதை அவன் முடிவெட்டும் கடையின் பின்கண்ணாடியில் ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறான். அம்மாவின் கை நாற்காலியில் இருந்தவனுடைய இரண்டு கைகளுக்கும் நடுவில் இருந்தது. படத்துக்குக் கீழே அக்கா எழுதியிருந்தாள்: "இதைப் பாக்கத்தான்டா இத்தனை நாளா இருந்தேன்."

பயம் அப்புறம்தான் வந்தது. முதலில் வந்தது வேறு. அப்பாடா என்று இருந்தது. யாரோ போய்விட்டார்கள், கையைப் பிடித்துக்கொண்டுவிட்டார்கள், இனி நான் போக வேண்டியதில்லை என்று நெஞ்சுக்குள் ஒரு சுமை இறங்கியது. ஒரு நொடிதான். அந்த ஒரு நொடிக்காக, பஸ்ஸில் அத்தனை பேர் நடுவில், யாரும் தன்னைப் பார்க்கவில்லை என்று தெரிந்தும், அவன் முகத்தைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டான். இதைவிடக் கேவலமாக ஒரு மனிதன் இருக்க முடியாது.

கைக்குட்டையின் இருட்டுக்குள்தான் காலையில் பார்த்தது ஞாபகம் வந்தது. ரயில் நகர ஆரம்பித்தபோது அவன் இடம் போட்டிருந்த இருக்கையின் ஜன்னல் அவனைக் கடந்துபோனது. அந்த இருக்கை காலியாக இல்லை. கட்டம் போட்ட சட்டையில் ஒருவன் நடைமேடையைப் பார்க்காமல், நேராக முன்னால் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கண்ணாடியில் தன்னுடைய பிம்பம்தான் தெரிகிறது என்று அப்போது நினைத்தான். அவன் நின்றுகொண்டிருந்தான். அந்தப் பிம்பம் உட்கார்ந்திருந்தது.

அக்காவைக் கூப்பிட வேண்டும். அது நான் இல்லை, அம்மாவை அதனிடமிருந்து விலக்கு என்று சொல்ல வேண்டும். நாலு வார்த்தை. அந்த நாலு வார்த்தைக்கு முன்னால், நான் ரயிலை விட்டுவிட்டேன் என்று சொல்ல வேண்டும். ஏன் என்று அவள் கேட்பாள். போனை எடுத்தான், வைத்தான். ஒவ்வொரு ஊரிலும் பஸ் நின்றது. ஆட்கள் மூட்டையோடு இறங்கினார்கள், மூட்டையோடு ஏறினார்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் இந்தத் தடவை கூப்பிட்டுவிடுவது என்று நினைத்தான்.

ஐந்து மணிக்கு அவளே கூப்பிட்டாள். குரல் கிசுகிசுப்பாக இருந்தது.

"தம்பி, கதவைத் திறடா. ஏன் உள்ள தாழ்ப்பாள் போட்டிருக்க?"

அவன் போனைக் காதோடு அழுத்திக்கொண்டான்.

"வந்ததுலேர்ந்து நீ ஒரு வாய் தண்ணி குடிக்கல. எங்க யார் மூஞ்சியையும் பாக்கல. அம்மா காதுகிட்ட குனிஞ்சு என்னமோ சொல்லிக்கிட்டே இருக்க. அம்மா அழுவுறாடா. நேத்து ராத்திரிலேர்ந்து கண்ணையே தொறக்காதவ, இப்ப சத்தம் போட்டு அழுவுறா. என்னடா சொல்ற அவகிட்ட?"

அவள் குரலுக்குப் பின்னால், கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, தாழ்ந்த ஒரு பேச்சு கேட்டது. வார்த்தை புரியவில்லை. நிறுத்தாமல், மூச்சு வாங்காமல், ஒரே சீராகப் போய்க்கொண்டிருந்தது. அலுவலகத்தில் ரயில் நேரங்களை ஒப்பிக்கும்போது அவனுக்கு வரும் குரல்.

அப்போது பஸ் டிரைவர் ஹாரனை நீளமாக அழுத்தினார். கண்டக்டர் அடுத்த ஊரின் பேரைக் கத்தினார்.

அக்காவின் குரல் இன்னும் தாழ்ந்தது. "உள்ள போன் அடிக்கவே இல்ல. பஸ் சத்தம் கேக்குது. தம்பி, உள்ள இருக்கிறது நீதானே?"

இதுதான் சமயம். இதைவிட நல்ல சமயம் இனி வராது. இரண்டு வருஷம் ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொண்டவள், ஒரு படத்தை எடுத்து அனுப்பி, இதைப் பார்க்கத்தான் இருந்தேன் என்று எழுதியவள்.

"நான்தான்க்கா," என்றான். "உள்ளதான் இருக்கேன்."

போனை வைத்த பிறகு எழுந்துபோய் டிரைவர் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டான். கொஞ்சம் வேகமாகப் போக முடியுமா என்று கேட்டான். முன்னால் பார்த்தீர்களா என்று டிரைவர் மோவாயால் காட்டினார். கண்ணுக்கு எட்டிய தூரம் லாரிகள். அவன் தேடிப் பிடித்து வாங்கிய ஒன்பது மணி நேரம். ஒரு நிமிடம்கூடக் குறையாமல் அத்தனையையும் அவனுக்குக் கொடுத்தார்கள்.

பஸ் நிலையத்திலிருந்து வாடகைக் காரில் தெருமுனைக்கு வந்து இறங்கியபோது வெளிச்சம் மங்கியிருந்தது. தெருவிளக்குகள் இன்னும் எரியவில்லை. வீட்டு வாசல் கதவு திறந்து கிடந்தது. உள்ளே அத்தான் கதவைத் தோளால் இடிக்கும் சத்தமும், தம்பி, தம்பி என்று அக்கா கெஞ்சும் சத்தமும் கேட்டன. நேராக உள்ளே போயிருக்கலாம். வெளியிலிருந்து வருகிறவனை அக்கா பார்ப்பாள். பையைப் பார்ப்பாள், பஸ் புழுதியைப் பார்ப்பாள். அவன் கால்கள் தாமாகவே பக்கவாட்டுச் சந்துக்குள் திரும்பின. சுவரை ஒட்டி, தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி, அம்மாவின் ஜன்னலுக்குப் போனான்.

ஜன்னல் திறந்திருந்தது. மருந்து வாசனை. அதற்கு மேல் பூட்டிக் கிடந்த ரயில் பெட்டியின் இரும்பு வாசனை. உள்ளே விளக்கில்லை.

முதலில் குரல்தான் வந்தது.

"…பத்து நிமிஷம் நின்னுச்சும்மா. நான் ஏறல. நீ போனப்புறம் வந்தா போதும்னு பஸ்ல ஏறினேன். அடுத்த மாசம்னு சொன்னது பொய்ம்மா. உன்னைக் கூட்டிட்டுப் போக எனக்கு இஷ்டமில்ல. நாத்தம் வரும்னு நினைச்சேன். இன்னிக்குக் காலையில ட்ரெயின் வந்துச்சும்மா. பத்து நிமிஷம்…"

முடிந்த இடத்திலிருந்து திரும்பத் தொடங்கியது. அழுத்தம் இல்லை. கோபம் இல்லை. ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

கண் இருட்டுக்குப் பழகியது. கட்டில். நாற்காலி. குனிந்த முதுகு. தோளில் பை. முதுகுக்கு அப்பால் அம்மாவின் முகம், காதுவரை கண்ணீர் வழிந்து பளபளத்தது. அவள் கண்கள் திறந்திருந்தன. அவை ஜன்னலுக்குத் திரும்பின.

அவனைப் பார்த்தாள். யார் என்று தெரிந்தது அவளுக்கு. சந்தேகமே இல்லை.

கத்த வேண்டும். அது நான் இல்லைம்மா. வாயைத் திறந்தான்.

உள்ளே பேச்சு நின்றது.

அதுவும் வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தது. பின்பக்கத்திலிருந்தே தெரிந்தது. தாடை இறங்கியிருந்தது. அவன் என்ன சொன்னாலும் கூடவே சொல்வதற்கு.

அவன் வாயை மூடினான். ஜன்னல் கம்பியிலிருந்து கையை விலக்கி, காலை ஓரடி பின்னால் வைத்தான். பழக்கம்.

அம்மா அதையும் பார்த்தாள். பிறகு கண்களை அவனிடமிருந்து எடுத்தாள். மெதுவாகத் தலையைத் திருப்பி, நாற்காலியில் இருந்ததைப் பார்த்தாள். அதன் கையை, விரல் எலும்பெல்லாம் வெளுக்க, இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"நீயாவது வந்தியே," என்றாள்.

அது திரும்பியது. அவன் முகம். அழுது அழுது வீங்கிய அவன் முகம். அவன் இதுவரை அழாததெல்லாம் அதில் இருந்தது. அவனைப் பார்த்து அது வியக்கவில்லை. அம்மாவின் பிடியிலிருந்து ஒரு கையை விடுவிக்காமல், நாற்காலியை விட்டு எழாமல், இன்னொரு கையை ஜன்னல் பக்கம் நீட்டியது. நாற்காலிக்கும் ஜன்னலுக்கும் பத்தடி இருக்கும். கை வந்தது. கட்டம் போட்ட சட்டைத் துணி நீண்டு, நீண்டு, அறையைக் கடந்து, அவன் கையில் இருந்த அதே கடிகாரத்தைக் கட்டியிருந்த மணிக்கட்டு அவன் முகத்துக்கு நேராக வந்து நின்றது. விரல்கள் ஜன்னல் கதவைப் பற்றி உள்பக்கம் இழுத்தன. தாழ்ப்பாள் விழுந்தது. மூடிய ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அம்மா அழுவதை நிறுத்தியிருந்தாள்.