நான்காம் அறையில் ஒருவர்

நான்காம் குளிரறையைப் பூட்டி நாற்பத்தோரு நாளாகிறது. ஆனால் இன்று மதியம் மூன்றரைக்கு, அந்த அறையில் ஒருவர் இருப்பதாக மணவாளனின் கணினி காட்டியது.

திரையைத் துடைத்துப் பார்த்தான். 'ஒருவர்' அப்படியே நின்றது.

கடலூர் முதுநகரில் அந்த இறால் கம்பெனியின் கதவு, விளக்கு, குளிர் எல்லாவற்றையும் ஒரே கணினியில் கோத்தவன் அவன்தான். கரண்ட் இருந்தால்தான் அதிசயம் என்றிருந்த 2012. லைன் போன நொடியில் கணினி ஜெனரேட்டரை எழுப்பும். யார் எந்த அறை வேலையில் என்று வருகைப் பதிவைப் பார்க்கும். ஆளில்லாத அறையில் விளக்கை அணைத்துக் கதவைப் பூட்டும். குளிரை மட்டும் நிறுத்தாது. இறால் கெடக் கூடாதே, மனுஷன் கெட்டால் என்ன! டீசல் மிச்சமென்று முதலாளி சால்வை போர்த்தினார்.

கணினிக்குத் தெரியாத ஒன்று உண்டு. கார்டு தேய்க்கும் கருவி முன்வாசலில். பஸ் நிற்பதோ பின்வாசலில். அதனால் ஒருவரே நாலைந்து பேர் கார்டை வாங்கித் தேய்ப்பது அங்கே வழக்கம்.

அறையைப் பூட்டுவதற்கு முதல் நாள், மெக்கானிக் காத்தவராயனும் அவனிடம் கார்டை நீட்டினான். "நாலாம் ரூம்ல உள்பக்கக் கைப்பிடி ஒடஞ்சி கெடக்கு மச்சான். மாட்டிட்டு அப்படியே பின்னால போயிடறேன். ஆறு மணிக்கு தேச்சிடுங்க."

மணவாளனுக்குச் சிதம்பரத்தில் பெண் பார்க்கப் போகும் அவசரம். நாலு மணி இரண்டு நிமிடத்துக்கே இரண்டு கார்டையும் தேய்த்துவிட்டுக் கிளம்பினான். நாலேகாலுக்குக் கரண்ட் போனது. மறுநாள் காலையில் காத்தவராயனை எடுத்தார்கள், விறைத்து, நகங்கள் பெயர்ந்து.

வெளியே போனவன் திருட்டுத்தனமாகத் திரும்பி வந்தான் என்று கம்பெனி கையை விரித்தது. அவன் மனைவி செல்லாயி மணவாளனைத் தேடி வந்தாள். "நெசமாவே போயிட்டுத்தான் திரும்புனாராண்ணே?"

"கார்டு பொய் சொல்லுமாம்மா?" என்றான். வெட்கங்கெட்ட வாய்.

இப்போது அந்த 'ஒருவரை'த் தட்டினான். காத்தவராயன். உள்ளே வந்த நேரம் 3.28.

டிராயரை இழுத்தான். ஒளித்து வைத்திருந்த காத்தவராயனின் கார்டு இல்லை. அது கிடந்த இடத்தில் ஈரம்.

ஐந்து மணிக்கு மேனேஜர் பதிவைப் பார்ப்பார். செத்தவன் பெயர் இருந்தால் அன்றைய பதிவையும் கிளறுவார். அழிக்கப் பார்த்தான். அறைக் கதவு திறந்திருக்கிறது, அழிக்க முடியாது என்றது திரை. கதவைச் சாத்திவிட்டு வந்தால் போதும் என்று எழுந்தான்.

இறால் கவிச்சியும் அம்மோனியா நெடியும் தொண்டையில் அடைக்க, சுவருக்குப் பின்னால் கம்ப்ரசர்கள் உறுமும் அதிர்வு செருப்பு வழியே காலில் ஏற, ஜன்னலே இல்லாத அந்த நீள வராந்தாவில், தன் நிழல் கூடவே வருகிறதா என்று பார்த்துப் பார்த்து நடந்தான்.

கதவு ஒரு முழம் திறந்திருந்தது. உள்ளே விளக்கு எரிந்தது. யாருமில்லை. தரையில் புதுக் கைப்பிடி, நாலு ஸ்க்ரூ. அவற்றுக்கு அப்பால் காத்தவராயனின் கார்டு.

அதை எடுத்துவிட்டால் சாட்சியே இல்லை. உள்ளே போனான். குனிந்தான். விரலில் குளிர் சுட்டது.

தூரத்தில், முன்வாசல் கருவி 'பீப்' என்றது.

கழுத்தைத் தடவினான். கார்டு தொங்கும் கயிறு இல்லை. கார்டு இல்லை.

கதவோரத்துச் சின்னத் திரையில் காத்தவராயன் பெயர் மறைந்தது. மணவாளன். வெளியே சென்றார். 4.02.

கரண்ட் போனது.

கதவு சாத்திக்கொண்டது. திரையில் 'ஆளில்லை'. விளக்கு அணைந்தது. கைப்பிடி இருக்க வேண்டிய இடத்தைத் துழாவினான். வெறும் ஓட்டை. குளிர் நிற்கவில்லை.

கதவின் சின்னக் கண்ணாடியில் மட்டும் வராந்தா வெளிச்சம். வெளிப்பக்கம் ஒரு கை பதிந்தது. ஐந்து விரல். நகமில்லை. உள்ளங்கைக்கும் கண்ணாடிக்கும் நடுவே, கயிற்றோடு, அவன் கார்டு.