ஒன்பதாம் கட்டிலில் யாரும் இல்லை

பேய் என்று ஒன்று கிடையாது என்பதை மனித குலத்தின் சார்பில் இறுதியாக நிரூபித்தவர் எங்கள் மன்னர்தான். நிரூபித்த இடம், அலுவலகத்துச் சாப்பாட்டு அறை. சாட்சிகள், நானும் பாதி கடித்த ஒரு பிஸ்கட்டும். பிஸ்கட் இப்போது இல்லை. ஆகவே நடந்ததைச் சொல்லும் பொறுப்பு என் ஒருவன் தலையில் விழுந்திருக்கிறது.

மன்னர் என்பது பட்டப்பெயர். நாற்காலியில் அவர் உட்காரும் விதத்தைப் பார்த்துக் கல்லூரியில் வைத்தோம். அவரும் மறுப்புத் தெரிவிக்கவில்லை. இருவரும் இப்போது வேலை பார்ப்பது மருத்துவமனைகளுக்குக் கருவி செய்யும் ஒரு சின்ன நிறுவனத்தில். ஒரு வார்டில் படுத்திருக்கிற எல்லோருடைய இதயத் துடிப்பும் நர்ஸ் மேஜையில் ஒரே திரையில் ஓடும். யாருக்காவது துடிப்பு தடுமாறினால் மணி அடிக்கும். அந்தக் கருவியின் அடிவயிறு, அதாவது கெர்னல், மன்னருடையது. மேலே தெரிகிற பொத்தான்களுக்கு நிறம் கொடுப்பது நான். சாதாரண புரோகிராம் தவறு செய்தால் அது மட்டும் சாகும். கெர்னல் தவறு செய்தால் மொத்தக் கருவியும் குப்புற விழும், என் பொத்தான்கள் உட்பட.

"பாயின்டர்னா என்ன? ஒரு முகவரி," என்றார் மன்னர், அன்று சாப்பாட்டு அறையில். "நினைவகத்துல இந்த இடத்துல இன்னார் குடியிருக்கார். அவ்வளவுதான். அவர் காலி பண்ணிட்டுப் போயிட்டா அது செல்லாத பாயின்டர். அங்க போய்ப் பார்த்தா யாரும் இருக்க மாட்டாங்க. பேய்னா என்ன? காலி பண்ணின வீட்டுல இன்னும் ஆள் இருக்குன்னு நம்புறது. உலகத்துல இருக்கிற மொத்தப் பேயும் ஒரு செல்லாத பாயின்டர்டா. முடிஞ்சது."

முடிந்தது. மனித குலம் இனி விளக்கை அணைத்துவிட்டே தூங்கலாம்.

இந்த உரை யாரைக் குறிவைத்து என்பது எனக்குத் தெரியும். எங்கள் குழுவில் ஒரு அக்கா உண்டு. இரண்டு வருடம் மூத்தவர், எல்லோருக்கும் அக்கா. கெர்னலில் எந்த முகவரியைத் தொடுவதற்கு முன்னாலும் அவர் சில வரிகள் எழுதுவார். இது நாம் கொடுத்த இடம்தானா, இன்னும் ஆள் இருக்கிறாரா என்று முதலில் பார்க்கும் வரிகள். இருந்தால், உள்ளே இருப்பதை எட்ட நின்று பிரதி எடுத்துக்கொள்ளும். இல்லாவிட்டால் கருவியை விழவிடாமல் 'யாரும் இல்லை' என்று சமர்த்தாகத் திரும்பி வரும். நாங்கள் அதற்குத் தட்டு வரி என்று பெயர் வைத்திருந்தோம்.

பிரச்சினை என்னவென்றால், அக்கா நிஜக் கதவுகளையும் தட்டுவார். காலியான மீட்டிங் அறை. பூட்டிக் கிடந்து அவரே சாவி போட்டுத் திறந்த ஸ்டோர் ரூம். தட்டுவார், "வரலாமா?" என்பார், ஒரு நொடி நிற்பார், அப்புறம்தான் நுழைவார்.

"அக்கா, ஃபிரிட்ஜையும் தட்டிட்டுத் திறங்க," என்பார் மன்னர். "உள்ள பால் டிரஸ் மாத்திட்டு இருக்கப் போகுது."

"நீ திறந்தா மட்டும் பால் ஏன் திரிஞ்சு போகுதுன்னு இப்பத்தான் புரியுது," என்று சொல்லிக்கொண்டே அக்கா என் டப்பாவிலிருந்து பிஸ்கட் எடுப்பார். டப்பாவை மட்டும் அவர் தட்டியதே இல்லை.

அக்கா விடுப்பில் போயிருந்த வாரம், மன்னர் கெர்னலில் இருந்த தட்டு வரிகளை எல்லாம் எடுத்துவிட்டார். "கட்டில் எல்லாத்துக்கும் முகவரி கொடுக்கிறதே நாமதான். நம்ம வீட்டுக்குள்ள போக நாமே காலிங் பெல் அடிப்போமா?" என்றார். திரையில் கோடுகள் முன்பைவிட வழுக்கிக்கொண்டு ஓடின. எனக்கே பிடித்திருந்தது. கருவி ஒரு மருத்துவமனைக்குப் போயிற்று. சில நாட்களில் மன்னரின் தங்கையும் அதே மருத்துவமனைக்குப் போனாள், இதய வால்வில் ஆபரேஷனுக்காக.

"உன்னைப் பார்த்துக்கப் போறதே நான் எழுதின மெஷின்தான்டி," என்று அண்ணன் சொன்னாராம்.

"அப்ப எனக்கு வேற ஆஸ்பத்திரி பாருங்க," என்றாளாம் அவள்.

ஆபரேஷன் முடிந்து வார்டுக்கு மாற்றிய மறுநாள் மதியம் அவளைப் பார்க்கப் போனோம். பார்வையாளர் நேரம் முடிந்திருந்தது. 'மெஷின் ஆட்கள்' என்று சொன்னதும் உள்ளே விட்டார்கள். பழைய கட்டடம். தரை துடைத்த ஈரம் இன்னும் காயவில்லை, மருந்து வாடை அதோடு சேர்ந்து தொண்டையில் ஒட்டியது. திரைச்சீலைகள் எல்லாம் பாதி இழுத்துவிடப்பட்டிருந்தன. வெளியே வெயில் கொளுத்தியது, உள்ளே அது பச்சைத் துணி வழியாக வடிகட்டி, குளத்தின் அடியில் நிற்கிற மாதிரி ஒரு வெளிச்சம். எங்கேயோ ஒரு தள்ளுவண்டியின் சக்கரம் கீச்சிட்டு நின்றது. அப்புறம் சத்தமே இல்லை.

மேஜையில் இருந்த நர்ஸ் எங்களைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"நல்லவேளை வந்தீங்க தம்பி. ஒன்பதாம் கட்டில் முந்தாநாளே காலியாயிடுச்சு. கட்டிலையே கழட்டி எடுத்துட்டுப் போயாச்சு. உங்க மெஷின் விட மாட்டேங்குது."

திரையில் ஒன்பது என்று போட்ட வரிசையில் ஒரு கோடு ஓடிக்கொண்டிருந்தது. மெதுவாக. எழுந்து, இறங்கி, நீண்ட இடைவெளி விட்டு, மறுபடி எழுந்து.

"டிஸ்சார்ஜ் ஆயிட்டாங்களா?" என்றேன்.

நர்ஸ் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். "இல்லை," என்றார்.

மன்னர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஒண்ணுமில்லை. அவங்க போனதும் அவங்க இடத்தை நினைவகத்துக்குத் திருப்பிக் கொடுத்துட்டேன். பட்டியல்ல முகவரியை அழிக்க விட்டுப்போச்சு. பழைய மிச்சம் தெரியுது. காலி பண்ணின வீட்டுல பழைய காலண்டர் தொங்குற மாதிரி."

"காலண்டர் தொங்கட்டும்டா," என்றேன். "தினம் தாள் கிழிக்கிறது யாரு?"

அவர் திரையை விட்டுத் திரும்பினார். ஒயர் எங்காவது வேறு கட்டிலில் மாட்டியிருக்கும் என்று முணுமுணுத்துக்கொண்டு நடந்தார். வார்டின் கடைசியில், தனியாகக் கதவு போட்ட சின்ன அறைதான் ஒன்பது. அதற்கு எதிரே பதினொன்றில் அவர் தங்கை படுத்திருந்தாள்.

"அண்ணா," என்றாள் பாதித் தூக்கத்தில். "அந்த ரூம்ல யாரு?"

"யாரும் இல்லை. நீ தூங்கு."

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்.

நான் வார்டின் நடுவில் நின்றிருந்தேன். அங்கிருந்து திரையும் தெரிந்தது, அறையும் தெரிந்தது. அறையில் கட்டில் இல்லை. அது நின்ற இடத்தில் தரையில் சக்கரங்களின் கறை மட்டும். சுவரில் தொங்கிய ஒயரின் முனை எதிலும் மாட்டியிருக்கவில்லை. மன்னர் பையை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு அந்த முனையைக் கையில் எடுத்துப் பார்த்தார். ஈரப் பஞ்சு வாடை ஒன்று கதவு வழியாக வெளியே வந்தது.

"தம்பி," என்று நர்ஸ் மெல்லக் கூப்பிட்டார். "ஒன்பது வேகமா அடிக்குது."

திரும்பினேன். கோடு படபடவென்று ஏறி இறங்கியது.

மன்னர் வெளியே வந்தார்.

கோடு மெல்ல அடங்கியது.

"என்ன?" என்றார்.

"ஒண்ணுமில்லை. இன்னொரு தடவை உள்ள போ."

போனார். படபடவென்று ஏறியது.

வந்தார். அடங்கியது.

நர்ஸ் என் பக்கத்தில் வந்து நின்றிருந்தார். "யாராவது சொல்லாம கொள்ளாம உள்ள வந்தா இப்படித்தான் அடிக்கும்," என்றார், ரொம்பத் தாழ்ந்த குரலில். "படுத்திருக்கிற எல்லாருக்கும்."

மன்னருக்கு இது மானப் பிரச்சினையாகிவிட்டது. "ஏதோ காந்தம் மாதிரி இழுக்குதுடா, என் செல்போனா இருக்கும்," என்று சொல்லிவிட்டு, செல்போனை என் கையில் திணித்துவிட்டு, மூன்றாவது முறையாக உள்ளே போனார். கதவு சுவரில் மோதியது.

ஒன்பதின் மணி அலறத் தொடங்கியது.

வார்டில் படுத்திருந்தவர்கள் தலை தூக்கினார்கள். நர்ஸ் ஓடிப்போய்த் திரையில் ஒன்பதின் மணிப் பொத்தானை அமுக்கினார். மணி நின்றது. ஒரு கட்டிலின் மணியை இப்படி நிறுத்திவைத்தால் அதன் மேல் சாம்பல் நிறத்தில் ஒரு குறுக்குக் கோடு விழும். அந்த நிறம் நான் கொடுத்தது. எங்கே விழுந்தாலும் எனக்குத் தெரியும்.

அது ஒன்பதில் விழவில்லை.

பதினொன்றில் விழுந்திருந்தது.

"மன்னா," என்றேன். "இங்க வா."

அவர் வந்து பார்த்தார். முகத்தில் இருந்த ராஜகளை எங்கே போனது என்று தெரியவில்லை.

"ஒன்பது காலி பண்ணின இடத்தைத்தான் மெஷின் அடுத்து வந்தவளுக்குக் கொடுத்திருக்கு," என்றார். "ஒரே வீடு. ரெண்டு முகவரி. ஒன்பதுல என்ன எழுதினாலும் என் தங்கச்சி தலையில போய் விழுது."

"அப்ப ஒன்பதுல ஓடுறதும் உன் தங்கச்சி துடிப்புதானே?"

"ஆமா."

"ரெண்டு கோடும் ஒண்ணா ஓடணுமே?"

பார்த்தோம்.

ஒன்பது மெதுவாக, இடைவெளி விட்டு ஓடியது. பதினொன்று வேறு மாதிரி ஓடியது.

ஒரே வீடு. இரண்டு துடிப்பு.

அப்படிப் பார்த்துக்கொண்டிருந்ததால்தான் தெரிந்தது. பதினொன்றின் கோடு ஓரிடத்தில் தடுமாறியது. எழவேண்டிய இடத்தில் எழவில்லை. ஒரு இடைவெளி. இன்னொரு இடைவெளி. தாறுமாறாக ஒரு கூட்டம். மறுபடி இடைவெளி.

மணி அடிக்கவில்லை.

அடிக்காது.

"நர்ஸ்!" என்று மன்னர் கத்திய கத்தலில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. நர்ஸ் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தார். டாக்டர் வந்தார். திரைச்சீலையை இழுத்து மூடினார்கள். மன்னர் திரைச்சீலைக்கு வெளியே, துணியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். நான் பதினொன்றின் கோட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அது தள்ளாடி, தள்ளாடி, ஒரு வழியாகப் பழைய நடைக்கு வந்தது. நர்ஸ் வெளியே வந்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"மணி ஏன் அடிக்கலை?" என்றார்.

மன்னர் என்னிடமிருந்து செல்போனை வாங்கினார். அப்புறம் அக்காவுக்குப் போன் போட்டார்.

நடந்ததை எல்லாம் சொன்னார். அந்தப் பக்கத்திலிருந்து பிஸ்கட் மெல்லும் சத்தம் மட்டும் வந்தது.

"தட்டு வரி எங்க?" என்றார் அக்கா.

"எடுத்துட்டேன்க்கா."

மெல்லும் சத்தம் நின்றது.

"போடு," என்றார். போனை வைத்துவிட்டார்.

மன்னர் என் லேப்டாப்பில் உட்கார்ந்து எடுத்த வரிகளை எல்லாம் திரும்பப் போட்டார். போனவர்களின் முகவரியைப் பட்டியலில் இருந்து அழிக்கும் வரியையும் சேர்த்தார். ஒரே சொல்லை மறுபடி மறுபடி தப்பாக அடித்தார். கருவியை நிறுத்தித் திரும்ப ஓட்ட வேண்டும். அதுவரை எந்தக் கட்டிலுக்கும் மணி கிடையாது. நர்ஸ் மற்ற கட்டில்களுக்கு ஆள் நிறுத்திவிட்டு, தானே போய்ப் பதினொன்றின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

திரை இருண்டது.

அந்த இருட்டில் என் முகமும் மன்னர் முகமும் தெரிந்தன. பின்னால் அந்தக் கதவும்.

பிறகு வரிசைகள் ஒவ்வொன்றாக எழுந்தன. ஒவ்வொரு கட்டிலையும் கெர்னல் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் வரைந்தது. பதினொன்று வந்தது, மணியின் மேல் குறுக்குக் கோடு இல்லாமல். ஒன்பது வந்தது. கோடு இல்லை. 'யாரும் இல்லை' என்று மட்டும்.

"பார்த்தியா?" என்றார் மன்னர். குரல் சின்னதாகிப் போயிருந்தது. "பேயும் இல்லை, ஒண்ணும் இல்லை. செல்லாத பாயின்டர்."

தங்கை பக்கத்தில் போய் நின்றார். அவள் கண்ணைத் திறந்து, உதடு காய்ந்து, ஏதோ சொன்னாள். அவர் குனிந்து கேட்டார். நிமிர்ந்தபோது அவர் என்னைப் பார்க்கவில்லை. நர்ஸ்தான் எனக்குச் சொன்னார்.

"அந்த ரூம்ல இருக்கிறவங்களை ஏண்ணா பயமுறுத்தினீங்கன்னு கேக்குது அந்தப் பொண்ணு."

கிளம்பலாம் என்றபோதுதான் நினைவு வந்தது. மன்னரின் பை அந்த அறையில், ஜன்னல் விளிம்பில்.

"நான் எடுத்துட்டு வரேன்," என்றார்.

நான் மேஜைக்குப் பக்கத்திலேயே நின்றேன். அவர் நடந்துபோய்க் கதவுக்கு முன்னால் நின்றார். கை கைப்பிடிக்குப் போனது. நின்றது. திரும்பி வந்தது. இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். நான் சட்டென்று திரையில் ஏதோ வேலை இருப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

விரல் மடக்கித் தட்டும் சத்தம். மெல்ல, இரண்டு முறை.

"வரலாமா?"

நான் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்பதின் வரிசையில் 'யாரும் இல்லை' என்ற எழுத்து மறைந்தது. அது இருந்த இடத்தில் ஒரே ஒரு துடிப்பு எழுந்தது. பதற்றம் இல்லாமல், மெதுவாக. இறங்கியது.

அந்த முகவரியே பட்டியலில் இல்லை. இருந்திருந்தாலும் நடுவில் தட்டு வரி இருக்கிறது. அதைத் தாண்டி ஒரு துடிப்பு திரைக்கு வரவேண்டும் என்றால், தட்டியபோது உள்ளே ஆள் இருந்திருக்க வேண்டும்.

நான் நிமிர்ந்து மன்னரைப் பார்த்தேன்.

அவர் கதவுக்கு வெளியே கையைக் கட்டிக்கொண்டு, தலையைக் கொஞ்சம் சாய்த்து, காத்துக்கொண்டிருந்தார்.