நெதர்காம்ப் ஊர்ச்சிறையின் கதவு

கதவு திறந்திருந்ததுதான் படத்தைக் கெடுத்தது. கல்பாலம், சந்தை நடுவில் நிற்கும் கல்சிலுவை, தேவாலயத்து வளைவு என்று நெதர்காம்ப் கிராமத்தின் பழைய சின்னங்களையெல்லாம் அடுத்த ஆண்டுக் காலண்டருக்காகப் படமெடுத்து முடித்திருந்தாள் ரொவீனா. மிச்சமிருந்தது புல்திடலின் ஓரத்தில் நின்ற ஊர்ச்சிறை மட்டும். முன்பெல்லாம் குடித்துவிட்டுத் தெருவில் கலாட்டா செய்தவர்களை விடியும்வரை அடைத்துவைத்த வட்டமான கல் அறை. ஜன்னல் கிடையாது. ஓக் மரக் கதவில் கையகலத்துக்குக் கம்பி போட்ட ஒரு துளை. அந்தக் கதவு மூடிக்கொள்ளாதபடி யாரோ பெரிய கல்லை முட்டுக் கொடுத்திருந்தார்கள்.

உள்ளே எட்டிப் பார்த்தாள். யாருமில்லை. ஈர வைக்கோலும் பழைய மூத்திரமும் கலந்த வாடை முகத்தில் அறைந்தது. வைக்கோலே இல்லாத தரையிலிருந்து அந்த வாடை எப்படி வருகிறதென்று ஒரு கணம் யோசித்தாள். பிறகு கல்லைக் காலால் தள்ளிவிட்டுக் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் தானாகவே விழுந்தது.

நவம்பர் மாதத்து வெளிச்சம் வேகமாக வடிந்துகொண்டிருந்தது. திடலுக்கு அந்தப்பக்கம் நின்ற காரில், கண்ணாடியெல்லாம் மூச்சால் பனித்துப்போக, அவள் கணவன் க்ளைவ் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தான். அவள் கேமராவை உயர்த்தினாள்.

"எங்க ஊர் ஜெயிலையா எடுக்கறீங்க?" பின்னால் ஒரு குரல். தபால் நிலையத்து மியூரியல், கையில் காய்கறிப் பையோடு. "என் தோட்டத்துப் பூசணிக்காயக் காலண்டர்ல போடச் சொல்லி போன வருஷமே கேட்டேன். யாரும் கண்டுக்கல."

ரொவீனா சிரித்தாள். மியூரியல் கதவைப் பார்த்தாள்.

"நீங்களா மூடினீங்க?"

"படத்துக்காகத்தான். திறந்து வெச்சுடறேன்."

"இனிமே திறக்க வேண்டாம்." மியூரியலின் குரல் இறங்கியது. "கூட யார் வந்திருக்கா?"

"வீட்டுக்காரர். கார்லதான் இருக்கார்."

"மூடினப்புறம் அவரைப் பார்த்தீங்களா?"

மியூரியல் பதிலுக்கு நிற்கவில்லை. விறுவிறுவென்று நடந்து போனாள். எதிர்வரிசை வீட்டின் திரைச்சீலை மூடியது. பக்கத்து வீட்டிலும்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. கதவின் உள்பக்கத்தை ஒரு நகம் மெதுவாகச் சுரண்டுகிற சத்தம்.

"ரோ."

க்ளைவின் குரல்.

"ரோ, நீதானா? என் மூக்குக்கண்ணாடியக் காணோம். கீழ தடவித் தடவிப் பார்க்கறேன். இங்க ஈரமா இருக்கு."

அவள் நகரவில்லை. அறை காலியாகத்தான் இருந்தது. கதவை மூடுமுன் கண்ணால் பார்த்திருந்தாள்.

கம்பித் துளை வழியே விரல்கள் வந்தன. எப்போதோ ஏணியிலிருந்து விழுந்ததில் கோணிப்போன க்ளைவின் சுண்டுவிரல். அதற்குப் பக்கத்தில் மோதிரம்.

தாழ்ப்பாளைப் பிடித்து இழுத்தாள். அசையவில்லை. மறுபடியும் இழுத்தாள். உள்ளங்கை கிழிந்தது.

"தோள் வலிக்குது, ரோ. சீக்கிரம்."

உதவிக்குக் காரைத்தான் பார்த்தாள். வேறு யாரைப் பார்ப்பாள்? காரில் ஆள் இருந்தது. அவளைப் பார்த்துக் கை தூக்கியது. தூக்கிய கை இறங்கவில்லை.

புல்திடலைக் கடந்து நடந்தாள். ஈரப் புல். காலணியில் குளிர். கார் கண்ணாடிகள் இப்போது தெளிவாக இருந்தன. பனிப்படலமே இல்லை.

கார்க் கதவு உள்ளிருந்து திறந்தது. க்ளைவின் முகம். க்ளைவின் கம்பளிச் சட்டை.

"வேலை முடிஞ்சுதா? உள்ள வா, குளிருது."

அவள் வாயிலிருந்து மூச்சு வெண்புகையாகப் போனது. அவன் வாயிலிருந்து எதுவும் வரவில்லை.

"நீ..." என்றாள்.

திடலின் மறுகோடியிலிருந்து, கல்லுக்குள்ளிருந்து, பயந்துபோன குரல் வந்தது.

"ரோ? யார்கூடப் பேசிட்டிருக்க?"

காரில் இருந்தவன் அந்தத் திசையை ஒருமுறை பார்த்தான். பிறகு அவளைப் பார்த்து, மெல்ல, விரலை உதட்டின்மேல் வைத்தான்.