வேலிக்கும் ஞாயிற்றுக்கிழமை

சனிக்கிழமை பொழுது சாயும்போது சிறுமி லூப்பேக்கு ஒரு வேலை உண்டு. முழங்கால் தண்ணீரில் நடந்துபோய், அப்பாவின் மீன்வேலிக் கதவைக் கயிற்றைத் தளர்த்தித் திறந்துவிட வேண்டும்.

கடல் ஏறும்போது மீன்கள் அந்தக் கம்பிவேலிக்குள் வரும். கடல் வற்றும்போது மூலையில் சிக்கிக்கொள்ளும்; அங்கிருக்கும் கதவு திறந்திருந்தால் தப்பிவிடும். ஆனால் இந்த டோங்கா தீவுகளில் ஞாயிறன்று யாரும் மீன் பிடிப்பதில்லை. லூப்பேயின் அப்பா சைமோனே அதிலும் ஒரு படி மேலே.

"நாம ஓய்வா இருக்கோம். நம்ம வேலி மட்டும் வேலை செய்யலாமா?" என்பார்.

பக்கத்து வேலிக்காரர் ஹவேயா மாமா கதவைத் திறந்ததே இல்லை. கேட்டால், "என் வேலிக்கு இன்னும் ஞானஸ்நானம் ஆகல" என்பார்.

வரும் திங்கட்கிழமை தம்பி தௌஃபாவுக்கு முதல் பிறந்தநாள். ஊரே வரும். வீட்டிலிருந்த ஒரே பன்றியைப் போன மாதம் தேவாலய விருந்துக்குக் கொடுத்தாயிற்று. இப்போது மிச்சம் இருப்பது கிழங்கு மட்டும்.

"உங்க அத்தை முன்னாடி வெறும் கிழங்கையா வைக்கறது? அடுத்த பிறந்தநாள் வரைக்கும் அதையே பேசுவாங்க," என்று அம்மா கவலைப்பட்டாள். ஊர் வழக்கப்படி அப்பாவின் அக்காதான் விருந்தில் முதல் இடத்தில் உட்காருவார்.

ஞாயிறு மதியம் எல்லோரும் சாப்பிட்டுவிட்டுத் தூங்கினார்கள். லூப்பே மட்டும் கரைக்கு வந்தாள். வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

வேலிக்குள் மடவை மீன்கள். நூறா, இருநூறா, எண்ண முடியவில்லை. தண்ணீரே வெள்ளியாகத் துள்ளியது.

தண்ணீரில் இறங்கினால் கதவுக் கயிறு எட்டும் தூரத்தில் இருந்தது. ஒரே இழுப்பு. கதவு மூடிவிடும். யாருக்கும் தெரியாது.

லூப்பே இறங்கிக் கயிற்றைப் பிடித்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டாள்.

"கடவுளே, கீழ்ப்படியறவங்க கூடை நிறையும்னு ஞாயிறு பள்ளியில சொன்னாங்க. நான் மூடல. நாளைக்குக் காலை வரைக்கும் நீங்க பாத்துக்கோங்க."

கயிற்றை விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினாள்.

திங்கள் விடிந்ததும் பெரிய கூடையோடு அப்பாவையும் இழுத்துக்கொண்டு வந்தாள். வேலிக்குள் ஒரே ஒரு நண்டு இருந்தது. அதுவும் அவள் விரலைக் கிள்ளிவிட்டு ஓடியது.

பக்கத்து வேலி பளபளத்தது. மீன்கள் அங்கே போய்ச் சிக்கியிருந்தன.

லூப்பேக்கு அழுகை முட்டியது. "அப்பா, நீங்க சொன்னபடி நான் திறந்துதானே வெச்சேன்?"

"ஆமா."

"பன்றியையும் குடுத்தோம்."

"குடுத்தோம்."

"அப்ப மீன் ஏன் மாமா வேலிக்குப் போச்சு?"

அப்பா தலையைச் சொறிந்தார். "தெரியலம்மா. நான் மீனுக்காகத் திறக்கல. ஆனா உள்ளுக்குள்ள நானும் கொஞ்சம் எதிர்பார்த்தேன்னுதான் நெனைக்கறேன்." காலிக் கூடையை எடுத்துக்கொண்டு, அடுப்பைப் பார்க்க வீட்டுக்குப் போனார்.

லூப்பே அங்கேயே நின்றாள். ஹவேயா மாமா மீன்களைக் கரையில் குவித்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் சிரிப்பே இல்லை. ஐஸ் பெட்டி இரண்டும் நிறைந்துவிட்டன. மாமி, ஆக்லாந்தில் இருக்கும் மகளைப் பார்க்கக் கடல் தாண்டிப் போயிருந்தார்.

"வெயில் ஏறினா அத்தனையும் நாறிடும். ஒத்தை ஆளு எத்தனையை அரியறது?" என்று புலம்பினார்.

நல்லா வேணும் என்று ஒரு நிமிடம் நினைத்தாள் லூப்பே. அதற்குள் ஒரு மீன் அவள் காலருகே துள்ளியது. வீட்டுப் பக்கம் மண்ணடுப்புப் புகை எழும்பியது.

"மாமா, எங்க வீட்ல அடுப்பு காயுது. சமையலுக்குக் கத்தியோட இருபது பேர் வந்திருக்காங்க. மீன்தான் இல்ல."

"அதுக்கு?"

"விருந்துக்குக் கொஞ்சம் குடுங்க. மிச்சத்தை நாங்களே அரிஞ்சு, உப்பு போட்டு, காயவெச்சுத் தர்றோம்."

மாமா அவளை உற்றுப் பார்த்தார். "நேத்து நானும் தூங்கல. நீ கயித்தைப் புடிச்சிட்டு நின்னதைப் பாத்தேன். இழுத்துடுவேன்னு நெனச்சேன்."

"நானும்தான் நெனச்சேன்," என்றாள் லூப்பே.

மாமா வாய்விட்டுச் சிரித்தார். "போ, போய் எல்லாரையும் கூப்பிடு."

அன்று பாயின் நடுவில் தேங்காய்ப்பாலில் வெந்த மீனிலிருந்து ஆவி பறந்தது. தௌஃபா ஒரு வாலைச் சப்பிக்கொண்டிருந்தான். அத்தை விரலை நக்கியபடி சொன்னார்: "கீழ்ப்படிஞ்ச வீட்டுக்குக் கடவுள் எப்படி மீன் குடுத்தார் பாத்தீங்களா?"

"குடுத்தது நான்," என்றார் ஹவேயா மாமா, வாய் நிறைய மீனோடு.

"ரெண்டு பேருக்கும் நன்றி," என்றார் அப்பா. கூட்டம் சிரித்தது. யார் சொன்னது சரி என்று லூப்பேக்குத் தெரியவில்லை. இன்னொரு மீன் எடுத்துக்கொண்டாள்.

அடுத்த சனிக்கிழமை அவள் கதவைத் திறந்துகொண்டிருந்தபோது, மாமா தன் வேலியருகே நின்றிருந்தார்.

"நாளைக்கும் மீன் வந்துட்டுத் திரும்பிப் போயிடுச்சுன்னா?"

"போகட்டும் மாமா. அதுங்களுக்கும் ஞாயித்துக்கிழமைதானே."

லூப்பே கரையேறும்போது பின்னால் கிரீச்சென்று சத்தம் கேட்டது. துருப்பிடித்த கதவோடு மாமா மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். பாதி திறந்ததும் கையைத் துடைத்துக்கொண்டார்.

"இவ்வளவு போதும்," என்றார். "முதல் வாரம்தானே."