கைநீட்டி வாங்கிய பனி

கூரையிலிருந்து பனி சரிந்து விழும் சத்தம் கேட்டுத்தான் சுபான் கண் விழித்தான். முதலில் தகரத்தின்மேல் நீளமாக ஓர் உரசல், ஈரத்துணி மூட்டையை யாரோ இழுத்துப் போவதுபோல. அப்புறம் கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் முற்றத்தில் தொம்மென்று ஒரு விழுகை. பிறந்ததிலிருந்து கேட்டுப் பழகிய சத்தம். அதனால் அவன் பயப்படவில்லை. மண்வெட்டியை எடுத்து வாசலுக்கு வழி வெட்ட வேண்டுமே என்று அலுத்துக்கொண்டு புரண்டு படுத்தான். படுத்த பிறகுதான் உறைத்தது. இந்தக் குளிர்காலத்தில் இன்னும் ஒரு பொட்டுப் பனிகூட விழவில்லை.

எழுந்து கதவைத் திறந்தான். விடிந்திருந்தது. முற்றத்து மண் வெடித்துக் காய்ந்து கிடந்தது. கூரையில் துருவைத் தவிர ஒன்றுமில்லை. காற்றில் புழுதி வாசனையும், பக்கத்து வீட்டில் எருமுட்டை எரியும் வாசனையும்.

"என்னத்தப் பாக்குறீங்க?" அடுப்படியிலிருந்து மனைவி தாஜா கேட்டாள்.

"கூரையிலேர்ந்து பனி சரிஞ்ச மாதிரி கேட்டுச்சு."

"கனவுல விழுந்திருக்கும். அங்கயாச்சும் விழட்டும். கதவச் சாத்துங்க, புள்ளைக்கு ஆகாது."

உள்ளே ரூஹி இருமினாள். ஐந்து வயதுப் பிள்ளையின் நெஞ்சிலிருந்து வருகிற சத்தமாக அது இல்லை, காய்ந்த பலகையை அறுப்பதுபோல இருந்தது. ஊரில் பாதிப் பிள்ளைகளுக்கு இதே இருமல்தான், ஆனால் இவளுக்கு ராத்திரியில் மூச்சு வாங்கும்போது உதடு நீலம் பாரிக்கிறது. பனி விழுந்தால் புழுதி அடங்கும், அப்புறம் மருந்து கேட்கும் என்று மருந்துக்கடைக்காரர் சொல்லிவிட்டார். அதனால் தூங்கப் போகும்போதெல்லாம் அவள் கேட்பாள், "அப்பா, நாளைக்கா?" சுபான், "நாளைக்கு" என்பான்.

சில்லை கலான் என்னும் கடுங்குளிர் நாட்கள் பாதிக்கு மேல் கழிந்துவிட்டன. குல்மார்க் சாலையின் இரு பக்கமும் இந்நேரம் ஆள் உயரத்துக்குப் பனிச்சுவர் நிற்க வேண்டும். சுபான் இடுப்பில் கயிறு கட்டி, டூரிஸ்டுகளைச் சறுக்குவண்டியில் வைத்து மேட்டுக்கு இழுத்துக்கொண்டிருக்க வேண்டும். வருகிறவர்கள் பழுப்புப் புல்லைப் பார்த்து முகம் சுளித்துவிட்டு அன்றைக்கே இறங்கிப் போகிறார்கள். அவன் இப்போது சாலை வேலைக்குக் கல் சுமக்கிறான். கல் சுமக்கிறவனுக்கு நினைப்பு ஓடாது. அது ஒருவகையில் நல்லதுதான் என்று அவனுக்குத் தோன்றியிருக்கிறது.

மத்தியானம் ஜப்பாரின் டீக்கடையில் உட்கார்ந்தான்.

"வாங்க சறுக்குவண்டி ராஜா! கல்லெல்லாம் நல்லா சறுக்குதா?"

"உன் டீ தொண்டையில எறங்குறதுக்கு அது எவ்வளவோ மேல்."

"பேசுவடா நீ. பனிக்காகத் தனியாத் தொழுதும் ஆச்சு. மேல இருக்கறவன் நம்ம நம்பரயே பிளாக் பண்ணிட்டான் போல." சொல்லிவிட்டு ஜப்பார் சட்டென்று இரண்டு காதையும் தொட்டு மன்னிப்புக் கேட்டுக்கொண்டான். பிறகு குரலைத் தணித்தான். "ஆட்டுக்காரனுங்க மேல் ஓடை வரைக்கும் போய்ட்டு வந்தானுங்க. மொட்டையாக் கெடக்காம். உங்க அண்ணனோடது ஒரு துணிகூட இல்லையாம்டா."

சுபான் டீயைப் பார்த்துக்கொண்டு தலையாட்டினான். போன குளிர்காலத்தில் மேல் ஓடையில் சரிந்த பனி அண்ணன் கலீலைக் கொண்டுபோனது. நீளக் கழிகளைப் பனிக்குள் குத்திக் குத்தித் தேடினார்கள். உருகினால் கிடைப்பான் என்றார்கள். உருகியது. ஓடையில் தண்ணீர் வந்து, வற்றி, கல்லும் காய்ந்துவிட்டது. கலீல் கிடைக்கவில்லை.

அன்று வெளிச்சம் மங்குகிற நேரத்தில் வீட்டுப் படலைத் திறந்தபோது சுபானுக்குத் தோள் இரண்டும் தன்னுடையவையாக இல்லை. படலுக்கு உள்ளே வேலி ஓரமாக ஓர் ஆள் நின்றிருந்தான். முழங்காலுக்குக் கீழே தொங்கும் பிரன் அங்கி, தலையில் முக்காடு. குளிருக்கு எல்லோரும் செய்வதுபோல அவனும் கைகளை அங்கிக்குள் இழுத்துக்கொண்டிருந்தான். வெறும் சட்டைக்கை ஒன்று நீண்டது. அதன் முனையில் செய்தித்தாளில் சுற்றிய பொட்டலம்.

"ரொட்டி. தாஜா கேட்டுச்சு."

ரொட்டிக்கடைப் பையன்தான் என்று நினைத்தான். நினைத்தானா என்றுகூடச் சொல்ல முடியாது. கை தானாக நீண்டது, வாங்கியது, கால் தானாகப் படியேறியது. கதவைச் சாத்திய பிறகுதான் பொட்டலம் சில்லென்று இருப்பது தெரிந்தது.

"ரொட்டியா? நான் யாருகிட்டயும் கேக்கலியே" என்றாள் தாஜா.

பிரித்தான். உள்ளே பனி. அழுக்கில்லாத, மாவு மாதிரிப் பொலபொலவென்ற புதுப்பனி. அடுப்பு எரிகிற அறையில் அது உருகவில்லை.

அந்த ஊரில் பிறந்த யாருக்கும் அதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை. முதல் பனி விழுகிற நாளில் எல்லோரும் ஆடுகிற ஆட்டம் அது. பனியைப் பொட்டலம் கட்டி, வேறு ஏதோ என்று சொல்லி ஒருவர் கையில் கொடுத்துவிட வேண்டும். ஏமாந்து வாங்கினவன், கொடுத்தவன் கேட்பதைக் கொடுத்தே ஆக வேண்டும். கொடுத்தவன் தப்புமுன் ஓடிப் பிடித்துவிட்டால் ஆட்டம் திரும்பிவிடும். முதல் பனி நாளில் பெற்ற தாய் நீட்டினாலும் யாரும் எதையும் வாங்க மாட்டார்கள். ஆனால் பனியே விழாத வருடத்தில் யார் உஷாராக இருப்பார்கள்?

"கைநீட்டி வாங்குனீங்களா?" தாஜாவின் குரல் உள்ளே போய்விட்டது.

"வாங்கிட்டேன்."

"யாரு குடுத்தது?"

ரொட்டிக்கடைப் பையன் தாஜாவை 'அக்கா' என்பான். தன்னைத் தவிர, வெறும் பேர் சொல்லிக் கூப்பிடுகிற ஆண் இந்த வீட்டில் ஒருவன்தான் இருந்தான்.

"அப்பா, பனியா?" ரூஹி எழுந்து வந்தாள். கண் பளபளத்தது. தாஜா பாய்ந்து அவளைத் தூக்கிக்கொண்டாள்.

"ஓடுங்க. ஓடிப் போய்ப் புடிங்க! கேக்கறதுக்கு முன்னாடி புடிச்சிருங்க!"

சுபான் ஓடினான். படலருகே யாருமில்லை. ஆனால் காய்ந்த மண்ணில் வெள்ளை வெள்ளையாகத் தடங்கள் கிடந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு காலளவு பனி, வேறெங்கும் பனி இல்லை. படலைத் தாண்டி, ஆப்பிள் தோப்பைத் தாண்டி, மேல் ஓடைப் பக்கமாக மேட்டில் ஏறிப் போயின. அவனும் ஏறினான். மூச்சு முட்டியது, பகலெல்லாம் கல் சுமந்த கால் நடுங்கியது, நாய்கூடக் குரைக்கவில்லை, தோப்பில் ஒரு காக்கைகூட இல்லை, அவனுடைய செருப்பின் சரக் சரக் மட்டும் கேட்டது.

"அண்ணே!" என்று கூப்பிட்டுப் பார்த்தான். "அண்ணே, நில்லு! நான் புடிச்சிட்டேன், நில்லு!"

மேட்டின் பாதியில் கால் இடறி விழுந்தான். முகத்துக்கு நேரே ஒரு தடம். வெறுங்கால். ஐந்து விரலும் தெளிவாக இருந்தன.

விரல்கள் வீட்டைப் பார்த்து இருந்தன.

அடுத்த தடத்தைப் பார்த்தான். அதுவும். அதற்கு மேலே உள்ளதும்.

எல்லாம் இறங்கி வந்த தடங்கள். ஏறிப் போனது ஒன்றுகூட இல்லை.

திரும்பி ஓடினான். விழுந்தான். எழுந்தான். படல். முற்றம். படி.

கதவு திறந்து கிடந்தது.

தாஜா சுவரோடு சாய்ந்து நின்றிருந்தாள். வாய் திறந்திருந்தது. சத்தம் வரவில்லை. கைகள் இன்னும் பிள்ளையைத் தூக்கி வைத்த மாதிரியே வளைந்திருந்தன. கைகளில் யாருமில்லை.

அறையின் நடுவில் பனி. இடுப்பு உயரத்துக்கு. மேலே கூரை முழுதாக இருந்தது. ஜன்னல் சாத்தியிருந்தது. அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.

பனிக்குள்ளிருந்து ஓர் இருமல் கேட்டது.

"ரூஹி!"

தோண்டினான். நகத்தால். முழங்கையால். வெளியே தெருவில் யாரோ கத்தினார்கள். "விழுதுடா! டேய், வெளிய வாங்கடா, பனி விழுது!" கதவுகள் திறந்தன. பிள்ளைகள் கூவின. ஜப்பாரின் குரல் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது. "முபாரக்! எல்லாருக்கும் முபாரக்!"

தோள்வரை பனிக்குள் கையை விட்டான். விரல் தட்டுப்பட்டது. சின்ன விரல். சூடாக இருந்தது. மணிக்கட்டைப் பற்றி இழுத்தான். வந்தது. கொஞ்சம் வந்தது. அப்புறம் நின்றது.

அவன் பிடித்த இடத்துக்குச் சற்றுக் கீழே, அதே கையை, இன்னொரு கை பிடித்திருந்தது. பெரிய கை. உறைந்த கை.

அது மெதுவாக, அவசரமே இல்லாமல், கீழே இழுத்தது.