வராத விருந்தாளிக்கு ஒரு நாற்காலி

அலமாரியின் அடி இடுக்கில் காலையில் அவள் தள்ளிவைத்த ரொட்டி அப்படியே கிடந்தது. செவெரின் ஒருநாளும் ரொட்டியை மிச்சம் வைத்தவனில்லை.

லெயோகாடியா குனிந்தாள். இடுக்கிலிருந்து ஆற்றுச் சேற்றின் வாடை வந்தது. நேற்று மாலை அவள் கணவன் செவெரின் பின்படி வழியாக இறங்கி, எல்லை தாண்டத் தேவையான கள்ளக் காகிதங்களை வாங்க விஸ்துலா ஆற்றுப் பாலத்துக்குப் போனான். விடியுமுன் அலமாரிக் கதவு சாத்தும் சத்தம் அவளுடைய அரைத்தூக்கத்தில் கேட்டது. வந்துவிட்டான் என்று திரும்பிப் படுத்தாள். பகலில் திறக்கக்கூடாது, எதிர்வீட்டு ஜன்னல் பார்க்கும். அவன் வாயைத் திறக்கவே கூடாது. ஒரு முறை தட்டினால் ஆமாம், இரண்டு முறை தட்டினால் இல்லை.

எட்டு வருஷத்துக்கு முன், மே மாதத்தில், ராணுவக் கலகம் தோற்றுத் தேசியவாதிகள் ஆட்சியைப் பிடித்தார்கள். அன்றிலிருந்து வார்சாவில் ஒவ்வொரு குடியிருப்பின் காவல்காரனும் அரசாங்கத்தின் கண். எந்த வீட்டில் எத்தனை கரண்டிச் சத்தம் கேட்கிறது என்பதுவரை மேலே போகும். 'போலந்து எல்லோருக்கும்' என்று ஒரே ஒரு வரியை அச்சடித்தான் செவெரின். பதினோரு மாதமாக அலமாரிக்குள் இருக்கிறான்.

இன்று கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள். அவள் வழக்கப்படி மேஜையில் வைக்கோல் பரப்பி வெள்ளைத்துணி விரித்தாள். தனக்கொரு தட்டு, இந்த இரவில் எல்லா வீட்டிலும் வைப்பதுபோல, வரக்கூடிய விருந்தாளிக்கு இன்னொன்று. அதில்தான் செவெரின் சாப்பிடுவான். யாரும் சந்தேகப்பட முடியாது.

அலமாரியில் வாயை வைத்துக் கேட்டாள். "குளிருதா?"

ஒரு தட்டல். ஈர மரத்தில் விழுந்ததுபோல மந்தமாக.

"காகிதம் கிடைச்சுதா?"

இரண்டு.

"பசிக்குதா?"

வெகுநேரம் கழித்து, ஒன்று.

வானம் கறுத்து முதல் நட்சத்திரம் தெரிந்தபோது வாசல் கதவு தட்டப்பட்டது. காவல்காரன் வாலென்டி. தொப்பியைக் கழற்றாமலே உள்ளே வந்தான்.

"இன்னிக்கு வந்தவனத் தொரத்தக்கூடாதும்மா. சூப்பு வாசன கீழ வரைக்கும் இழுக்குது."

"உங்க மூக்கு எட்டாத எடம் இந்தக் கட்டடத்துல உண்டா?"

"காதுன்னு நெனச்சேன். மூக்கும் சேத்துட்டீங்களா?" சிரித்தபடி விருந்தாளியின் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தான்.

ஊதாமல் உட்கார்ந்துவிட்டான். இன்றிரவு செத்தவர்களும் சாப்பிட வருவார்கள். அவர்கள் மடியில் உட்கார்ந்துவிடாமல் இருக்க, முதலில் நாற்காலியை ஊதவேண்டும். சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும். லெயோகாடியாவின் உதடுகள் தானாகவே குவிந்தன.

"ரெண்டு தட்டு. தனியா இருக்கற பொம்பளைக்குச் சரிதான்." அவன் சிரிப்பு நின்றது. சட்டைப்பையிலிருந்து கைக்குட்டைப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தான். மூக்குக்கண்ணாடி. காதுக்கம்பி ஒடிந்த இடத்தில் நீலநூல் சுற்றியிருந்தது. அவள் சுற்றிய நூல்.

"நேத்து ராத்திரி பாலத்துல சுட்டுட்டாங்க. ஆத்துலேருந்து தூக்குனதும் என்னத்தான் கூப்புட்டாங்க, ஆளு யாருன்னு சொல்ல." குரலைத் தாழ்த்தினான். "இவ்வளவு நாளா எங்க இருந்தாருன்னு கேட்டாங்க. எனக்குத் தெரியாதுன்னுட்டேன். அழுதுக்கோங்கம்மா. இன்னிக்கு நான் எதையும் எழுதமாட்டேன்."

அவளுக்கு அழுகை வரவில்லை. அவள் அலமாரியைப் பார்த்தாள்.

"நேத்து ராத்திரியா?"

"பத்து மணிக்கு. நான் மூஞ்சியப் பாத்தேன்."

விடியுமுன் சாத்திய கதவு.

தட்டல். ஒன்று.

வாலென்டி அலமாரிப் பக்கம் திரும்பினான். "உள்ள யாரு?"

அலமாரியின் அடியிலிருந்து கறுப்புத் தண்ணீர் மெல்லிய கோடாக வந்தது. தரைப்பலகையின் சரிவு ஜன்னல் பக்கம். தண்ணீர் மேஜைப் பக்கம் வந்தது.

"செவெரின்," என்றாள். "அவர எழுந்திரிக்கச் சொல்லட்டா?"

ஒன்று.

வாலென்டி எழுந்தான். தொப்பி விழுந்தது. அவன் கால்சட்டையின் பின்புறம் முழுக்க ஆற்றுச் சேற்றுத் தண்ணீரில் நனைந்திருந்தது. சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு நின்றான்.

நாற்காலி காலி.

தண்ணீர் அதன் காலடியில் வந்து நின்றது.

லெயோகாடியா சூப்பை ஊற்றி அந்தப் பக்கம் நகர்த்தினாள். பக்கத்தில் மூக்குக்கண்ணாடியை நாற்காலிப் பக்கம் திருப்பி வைத்தாள்.

அதன் வில்லைகளில் மூச்சு படிந்தது. மறைந்தது. மறுபடியும் படிந்தது.